மூன்று கரண்டி தேங்காய்ப்பால்

ஆஸ்பத்திரியில் எங்களுக்குச் சாப்பாட்டு முறை சொல்லித் தரும் டயட் மேடம்தான் இதை எழுதச் சொன்னார். வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்களாம். ஈரலில் பாதியைக் கொடுத்துவிட்டு எழுந்து நடமாடுகிற ஒருத்தி நடந்ததை எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குத் தைரியம் வரும் என்றார். "நல்லதை மட்டும் எழுதணுமா மேடம்?" என்று கேட்டேன். "உள்ளதை எழுதுங்க" என்றார். அப்படிச் சொன்னதற்காக அவர் பின்னால் வருத்தப்படக் கூடாது.

என் பெயர் ஸ்டெல்லா, வயது நாற்பத்து நான்கு, ராயபுரத்தில் வீடு. துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் காகிதங்கள் தயார் செய்யும் அலுவலகம் ஒன்றில் டைப் அடிக்கிறேன். கணவர் சேவியர் டிரெய்லர் டிரைவர். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நிற்குமே, அந்த வரிசையில் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, பரோட்டாவும் கலர் சோடாவுமாக இருபது வருடம் ஓட்டியவர். வாழ்க்கையில் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. அவருக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டது என்றதும் எங்கள் தெருவில் யாரும் இதை நம்பவில்லை. "சொம்மா சொல்றாங்க, வூட்டுக்குத் தெரியாம ஊத்திகினு இருந்திருப்பாரு" என்று என் காதுபடவே பேசினார்கள்.

முதலில் கால் வீங்கியது. பிறகு வயிறு உப்பியது. கேஸ் என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டி எடுத்தார். ஒருநாள் காலை கன்டெய்னர் யார்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். கூட இருந்த டிரைவர்கள் ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டர் எனக்கு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். ஈரலில் கொழுப்பு சேர்கிறது. பல வருடம் சேர்ந்தால் அந்த இடம் புண்ணாகி, புண் தழும்பாகி, ஈரல் சுருங்கி இறுகிப்போகிறது. சிரோசிஸ் என்பது அதுதான். குடித்தால் மட்டும் வருவதில்லை. இறுகிய ஈரலுக்குள் ரத்தம் போக முடியாமல் பக்கத்து ரத்தக் குழாய்களுக்குள் ஏறுகிறது. உணவுக் குழாயில் அந்த ரத்தக் குழாய்கள் வீங்கி வெடித்ததுதான் ரத்த வாந்தி. வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு, வெடித்த ரத்தக் குழாய்களுக்குச் சின்னச் சின்ன ரப்பர் வளையம் மாட்டினார்கள். வயிற்றில் சேர்ந்த நீரை ஊசி போட்டு வடித்தார்கள். ஐந்தாம் நாள் எங்களைத் தனி அறைக்குக் கூப்பிட்டு, இதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலைதான், மாற்று ஈரல்தான் வழி என்றார்கள். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் ஈரலுக்கு நீண்ட வரிசை. ஆனால் நெருங்கிய சொந்தம் யாராவது தங்கள் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்தவருக்குச் சில மாதங்களில் திரும்ப வளர்ந்துவிடும். மருத்துவக் காப்பீட்டில் செலவு அடங்கிவிடும் என்றும் சொன்னார்கள். அந்த ஒரு பயம் அன்றோடு போனது.

நான் கொடுக்கிறேன் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் தர்றேன் சார். எங்கண்ணனுக்கு நான்தான் தருவேன்."

குளோரி. என் கணவரின் தங்கை. காசிமேட்டில் மீன் வியாபாரம். ஏலத்தை முடித்துக்கொண்டு, தூக்கிச் செருகிய புடவையோடு அப்படியே வந்திருந்தாள். அறை முழுக்க மீன் வாடை. டாக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை என்பதை அந்த நிலைமையிலும் நான் கவனித்தேன்.

எனக்குக் குளோரி மேல் பொறாமை. கல்யாணமான நாளிலிருந்து இருபத்தோரு வருடமாக. என் கணவர் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் "நானும் பாப்பாவும்" என்றுதான் ஆரம்பிப்பார். பாப்பா என்றால் குளோரி. நாற்பத்தொரு வயதுப் பாப்பா. நான் எப்படிக் குழம்பு வைத்தாலும், "நல்லாத்தான் கீது" என்பார். அவள் வைத்தால் ஒன்றும் சொல்லாமல் தட்டை வழித்துச் சாப்பிடுவார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவளுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். இரண்டு பேரும் மாமா மாமா என்று இவர் தோளில் தொங்கி வளர்ந்தவர்கள். இவருக்கு நான் ஒரு பிள்ளையைக் கொடுக்கவில்லை. வேறு எதையும் பெரிதாகக் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இந்த ஒன்றை நான்தான் கொடுக்க வேண்டும். இதையும் அவள் கொடுத்துவிட்டால், சாகும்வரை அவருக்குள்ளே இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அன்று அந்த அறையில் நான் நினைத்தது இதைத்தான், ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

சோதனைகள் ஆரம்பித்தன. மூன்று பேருக்கும் ஒரே ரத்தப் பிரிவு. விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு கருவியை வைத்து டொக் டொக்கென்று தட்டுகிறார்கள். ஈரலில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு இறுக்கம் என்று அது காட்டிவிடும். வலியே இல்லை. முடிவுதான் வலித்தது. எனக்கும் கொழுப்பு ஈரல், குளோரிக்கும் கொழுப்பு ஈரல். நான் எண்பத்தொரு கிலோ, அவள் எண்பத்து நான்கு. கொழுப்பு ஈரலை வெட்டிக் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் ஆபத்து, கொடுக்கிறவருக்கும் ஆபத்து. எடை குறைந்தால் ஈரல் கொழுப்பும் குறையும். மூன்று மாதம் மருந்திலும் ஊசியிலும் இவரைத் தாங்கிப் பிடிக்கலாம், அதற்குமேல் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். கடைசியாக ஒன்று சொன்னார்.

"ரெண்டு பேரும் முயற்சி பண்ணுங்க. யாரோட ஈரல் நல்லா வருதோ அவங்களை எடுத்துக்கலாம்."

குடும்பம் என்றால் என்னவென்று அந்த மனுஷருக்குத் தெரியவில்லை. பந்தயத்தை அவரே துவக்கி வைத்தார்.

அதற்குமுன் எங்களைத் தனித்தனியாக அழைத்துப் பேசினார்கள். புதிதாக வருகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருங்கிணைப்பாளராக இருக்கும் அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆபரேஷன் அன்னிக்குக் காலையில்கூட வேண்டாம்னு சொல்லலாம். எங்ககிட்ட மட்டும் சொன்னா போதும். உடம்பு பொருந்தலைன்னுதான் வீட்டுக்குச் சொல்லுவோம். உண்மையான காரணம் எங்க வாயிலேர்ந்து எப்பவும் வராது." நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லையே.

வியாழக்கிழமைதோறும் பழைய கட்டடத்தின் மாடியில் கூட்டம். எங்களைப் போலவே ஈரல் கொடுக்க வந்து, எடை அதிகம் என்று நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் ஏழெட்டுப் பேர். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ரஷீத் பாய், மகளுக்குக் கொடுக்க வந்தவர், முதல் நாளே கையைத் தூக்கினார். "மேடம், பிரியாணில கறிய எடுத்துட்டு வெறும் சோறு சாப்புடலாமா?" எல்லோரும் சிரித்தோம். டயட் மேடமும் சிரித்தார். "கூடாது பாய்" என்றார்.

மூன்று மாதம் முழுக்கச் செடி கொடியிலிருந்து வருவது மட்டும். மீன், கறி, முட்டை, பால், நெய் இல்லை. எண்ணெயும் தேங்காயும் மிகக் கொஞ்சம். ஆனால் பட்டினி கூடாது. பட்டினி கிடந்து மளமளவென்று இறக்கினால் ஈரலுக்குக் கெடுதல். கொண்டைக்கடலை, மொச்சை, பயறு, கேழ்வரகு, கீரை, வாழைத்தண்டு, காய், பழம் என்று வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், தினமும் நடக்க வேண்டும், வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே போதும். அதோடு ஒரு விதி. எல்லோரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்தார். ஜோடியில் இருப்பவர்கள் ஒரே பாத்திரத்தில் சமைத்ததை இரண்டு டப்பாவில் பிரித்துச் சாப்பிட வேண்டும். ஒருவர் எடை போடும்போது மற்றவர் பக்கத்தில் நிற்க வேண்டும். "தனியா விட்டா உங்களை நீங்களே ஏமாத்திப்பீங்க. இன்னொருத்தர் பசி தெரிஞ்சா ஏமாத்த மனசு வராது" என்றார். என் ஜோடி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

குளோரி விடியுமுன்னே மீன் எடுக்கப் போகிறவள் என்பதால் சமையல் என் பொறுப்பு. இரண்டு எவர்சில்வர் டப்பா வாங்கினேன். அவள் டப்பாவின் மூடியில் நகப்பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு. அலுவலகம் போகும் வழியில் காசிமேட்டில் கொடுத்துவிட்டுப் போவேன்.

நாங்கள் ஆரம்பித்த நேரம் தவக்காலம். சாம்பல் புதன் முடிந்த வாரம். தெருவில் பலரும் மீன் கறி விட்டிருந்ததால் முதலில் யாரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. ஈஸ்டர் வந்து, பக்கத்து வீடுகளில் மட்டன் பிரியாணி வாசனை கிளம்பியபோது நாங்கள் இருவரும் என் வீட்டில் உட்கார்ந்து வாழைத்தண்டும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "ஆண்டவரே உயிர்த்துட்டாரு அண்ணி, நம்ப ரெண்டு பேரும் இன்னும் கல்லறைக்குள்ளயே கீறோம்" என்றாள் குளோரி. சிரிப்பு வந்தது. அவள் சொல்லி நான் சிரிப்பதா என்று அடக்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் எடை. ஆஸ்பத்திரி வரை போவானேன் என்று, குளோரியின் கடைக்கு எதிரே பெரிய மீன்களை நிறுக்கும் தராசிலேயே ஏறி நின்றோம். சுற்றியுள்ளவர்கள் விடுவார்களா? "இன்னா ஸ்டெல்லாக்கா, கிலோ எவ்ளோ?", "இது சுறா இல்லடா, திமிங்கலம்" என்று ஒரே கலாட்டா. குளோரி பதிலுக்குப் பதில் கொடுப்பாள். நான் கூனிக் குறுகி நிற்பேன்.

முதல் ஞாயிறு நான் அரைக் கிலோ இறங்கியிருந்தேன். அவள் ஒரு கிலோ. இரண்டாவது ஞாயிறு நான் அரை, அவள் முக்கால். ஆறாவது ஞாயிறு முடிவில் எனக்கு மூன்று, அவளுக்கு ஐந்து. ஒரே பாத்திரத்துச் சாப்பாடு! அவள் கூடை தூக்குகிறாள், நடக்கிறாள், கத்துகிறாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு நடந்தே வர ஆரம்பித்தேன். அவள் அதைவிட அதிகம் நடந்தாள். வார்டில் சேவியர் அவளைப் பார்த்து, "பாப்பா, இன்னா இப்டி எளச்சிட்ட! சின்ன வயசுல பாத்த மாதிரியே கீற" என்றார். என் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகியிருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து மறுநாள் மொச்சைக் குழம்பு வைக்கும்போதுதான் அது நடந்தது. குழம்பை இரண்டு டப்பாவிலும் சரிபாதியாக ஊற்றினேன். பிறகு ஒரு தேங்காயை உடைத்துத் துருவி, தண்ணீரே விடாமல் அரைத்துக் கெட்டியாக முதல் பால் பிழிந்தேன். சிவப்புப் பொட்டு வைத்த டப்பாவில் ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கி மூடினேன். என்னமோ தினமும் செய்கிற வேலை மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் எண்ணூறு கிராம் குறைந்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் புகைந்தது. கரண்டி இரண்டானது. கீரைக் கூட்டிலும் ஊற்றினேன், வாழைத்தண்டிலும் ஊற்றினேன். அவள் எடை குறைந்துகொண்டேதான் போனது. இது என்ன மாயம் என்று எனக்குத் தலை சுற்றியது. குளோரியின் பக்கத்துக் கடைப் பாக்கியம் அக்கா மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன் கைப்பக்குவமே தனி ஸ்டெல்லா" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். குளோரி பெருமை பேசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் சேவியர் மோசமானார். கெட்டுப்போன ஈரல் ரத்தத்திலுள்ள கழிவைச் சுத்தம் செய்வதில்லை. அது மூளைக்கு ஏறினால் ஆள் குழம்பிப்போவார். பகல் எது இரவு எது என்று தெரியாது, கை உதறும். ஒரு மத்தியானம் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கழிவை வெளியேற்றக் கொடுத்த மருந்தால் போன மலத்தைத் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். என் முகத்தையே உற்றுப் பார்த்தார். கண் கலங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, தண்ணி குடு பாப்பா" என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நோய்தான் பேசுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மறுநாள் மூன்று கரண்டி.

நானும் தேறாமல் அவளும் தேறாமல் போனால் போவது இவருடைய உயிர். இது எனக்குத் தெரியாதா? தெரியும். நான் தேறிவிடுவேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு ஊற்றினேன். படிக்கிறவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். நான் நினைத்துக்கொள்வதைவிட மோசமாக நினைத்துவிட முடியாது.

மூன்று மாதம் முடிந்தது. நான் ஆறரைக் கிலோ, குளோரி ஒன்பது கிலோ இறங்கியிருந்தோம். மறுபடி டொக் டொக், மறுபடி ரத்தம், ஈரல் எவ்வளவு பெரியது என்று அளக்கும் ஸ்கேன். இரண்டு பேரையும் உட்கார வைத்து டாக்டர் சொன்னார்: "ரெண்டு பேருமே பாஸ். யார் வேணும்னாலும் குடுக்கலாம். குளோரியம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் நல்லா வந்திருக்கு. அவங்களையே வெச்சுக்கலாம்னு பாக்கறோம்."

குளோரி என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை ஐஸ் போல இருந்தது. நான் கையை உருவிக்கொண்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "குளோரிக்குப் பொருந்தலைம்மா. நீங்கதான் குடுக்கணும். தயாரா இருக்கீங்களா?" என்றார். நேற்றுப் பாஸான ஈரல் ஒரே ராத்திரியில் எப்படிப் பொருந்தாமல் போகும் என்று நான் கேட்கவில்லை. எங்கே கேட்டால் மாறிவிடுமோ என்று, "தயார் மேடம்" என்று மட்டும் சொன்னேன். வெளியே பெஞ்சில் குளோரி உட்கார்ந்திருந்தாள். "எனக்குக் குடுத்து வெக்கல அண்ணி" என்றாள். அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னேன். மனதுக்குள் கூத்தாடினேன்.

அதோடு விட்டேனா? கோயில் வாசலில் விசாரித்தவர்களிடம் குரலைத் தாழ்த்தி, "பாவம், கடைசி நேரத்துல பயந்துட்டா போல. ரெண்டு பசங்க இருக்காங்கல்ல" என்றேன். ஒருத்தியிடம் சொன்னது ராயபுரம் முழுக்கப் பரவியது. அண்ணனுக்கு உயிரைக் கொடுப்பேன் என்று சவடால் விட்டவள் கத்தியைப் பார்த்ததும் ஓடிவிட்டாள் என்று மார்க்கெட்டில் அவள் முகத்துக்கு நேராகவே கேட்டார்களாம். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. வாய்த் துடுக்குக்காரி வாயை மூடிக்கொண்டாளே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆபரேஷனைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். தூங்க வைத்ததுதான் தெரியும். கண் விழித்தபோது மூக்கில் குழாய், கழுத்தில் குழாய், வயிற்றில் ரத்தநீர் வடிய ஒரு குழாய். இருமினால் உயிர் போகிற மாதிரி வலி; தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லித் தருவார்கள். மூன்று பந்து உள்ள ஒரு கருவியைக் கொடுத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொல்வார்கள். நுரையீரலில் சளி கட்டாமல் இருக்க. முதல் நாள் ஒரு பந்துகூட எழும்பவில்லை. மூன்றாம் நாள் என்னை எழுப்பி நிற்க வைத்தார்கள். எட்டு நாள் வார்டில் குளோரிதான் கூட இருந்தாள். கடையைப் பாக்கியம் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். எனக்குத் தலை வாரினாள், கால் பிடித்துவிட்டாள், நான் பந்தை இழுக்கும்போது, "இன்னும் தம் கட்டு அண்ணி, ரெண்டாவது ஏறிகினு கீது" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். அவள் கையால் தண்ணீர் குடிக்க எனக்கு என்னவோ போல இருந்தது.

ஆறாம் நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று சேவியரைப் பார்க்க விட்டார்கள். மஞ்சளாகக் கிடந்த முகம் தெளிந்திருந்தது. கையை உயர்த்தித் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, பிறகு என்னைக் காட்டினார். இருபத்தோரு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம். இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். குளோரி வந்தாள். கையில் அதே எவர்சில்வர் டப்பா, மூடியில் சிவப்புப் பொட்டு.

"மொச்சக் கொயம்பு. சூடா கீது, துன்னு அண்ணி."

இனி எடை குறையக் கூடாது, ஈரல் வளர வேண்டும், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று டயட் மேடம் சொல்லியிருந்தார். பிசைந்து ஒரு வாய் வைத்தேன். கெட்டியாக, இனிப்பாக, நாக்கில் வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு அந்த ருசி தெரியும்.

"எவ்வளவு ஊத்தின?" என்றேன்.

"மூணு கரண்டி. நீ எனக்கு ஊத்துவியே, அதே அளவு."

அவள் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"மொத நாளே தெரிஞ்சிட்ச்சி அண்ணி. நான் மீன் கொயம்பு வெக்கறவ, எனக்குத் தேங்காப்பாலு தெர்யாதா? நாக்குல வெச்சா எத்தினி கரண்டின்னே சொல்லிடுவேன். அந்த டப்பாவ அப்டியே பாக்கியம் அக்காவாண்ட குடுத்துட்டு, நான் கொண்டக்கடலய அவிச்சி, வெள்ளரிக்காயோட துன்னுகினு இருந்தேன். அக்கா நாலு கிலோ ஏறிட்டா, பாத்தல்ல?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "டாக்டர் உன்னத்தானே சொன்னாரு. பொருந்தலைன்னாங்களே?"

"அந்தம்மாவாண்ட நான்தான் போயி சொன்னேன். நீயும் பாஸுன்னு டாக்டரு வாயால கேட்டுகினுதான் சொன்னேன். உனக்கு முடியாதுன்னு இருந்தா நான் வுட்டுக் குடுத்திருக்க மாட்டேன், ஆமா."

"ஏன் குளோரி?"

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குக் கோவந்தான் வந்துச்சி. உன் மூஞ்சில டப்பாவ வுட்டெறியணும்னு தோணுச்சி. அப்றம் யோசிச்சேன். ஒருத்தி சோத்துல கை வெக்கற அளவுக்கு இன்னொருத்தி ஒண்ண ஆசப்படறான்னா, அது அவளுக்கு எவ்ளோ வேணும்? எனக்கு அண்ணன் கீறாரு, என் வூட்டுக்காரரு கீறாரு, ரெண்டு பசங்க கீறானுங்க. உனக்கு இந்தாளு ஒருத்தருதான். எனக்கு அண்ணன் பொழைக்கணும், அவ்ளோதான். யாருதுல பொழச்சா இன்னா?"

"ஊர்ல நான் உன்னப் பத்தி..."

"அதுவும் தெர்யும். மார்க்கெட்ல நாலு நாளு பேஜாரா இருந்துச்சி. அண்ணனும் கேட்டாரு, பயந்துட்டியா பாப்பான்னு. ஆமான்னுட்டேன்." டப்பா மூடியைத் துடைத்து ஓரமாக வைத்தாள். "இத்த யாராண்டயும் சொல்லாத அண்ணி. அண்ணனாண்ட சொல்லவே சொல்லாத. அழாத, தையலு பிரிஞ்சிடப் போவுது. கொயம்பு ஆறுது பாரு."

நான் அந்த டப்பாவை முழுக்கச் சாப்பிட்டேன். கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டேன்.

இப்போது கூட்டத்தில் என் தழும்பைப் பார்க்கிறவர்கள் பெரிய மனசுக்காரி என்கிறார்கள். ரஷீத் பாய் எழுந்து நின்று சலாம் வைக்கிறார். நான் கொடுத்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. குளோரி கொடுத்தது தெரிவதற்கு அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இந்தத் தழும்பே அவள் எனக்குக் கொடுத்ததுதான் என்று நினைக்கும்போது எனக்கு மறுபடியும் வயிறு எரிகிறது. அவளைப் பார்த்து நான் பொறாமைப்படுவது நிற்கவில்லை. முன்பெல்லாம் எதற்குப் பொறாமைப்பட்டேன் என்பதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

யாரிடமும் சொல்லாதே என்றாள். பயந்துவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொன்னவள் நான். பயப்படவில்லை என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும். டயட் மேடம், இதைக் கூட்டத்தில் படிக்கும் அன்று குளோரியையும் வரச் சொல்லுங்கள். அவள் பக்கத்தில் என் கணவரை நான் உட்கார வைக்கிறேன். அவளுக்குப் பிடிக்காது, கத்துவாள். கத்தட்டும். இந்த ஒன்றிலாவது நான் அவளை முந்திக்கொள்கிறேன்.